அப்டேட்: மூடின டேனரி (தோல் பதனிடுற ஆலை) எடத்துல தோட்டம் போடலாமானு கேட்டிருந்தேனே

வாணியம்பாடில எங்க தெருக் கோடில சும்மா கெடக்குற பழைய டேனரி எடம் பத்தி முன்னாடி கேட்டிருந்தேன்ல, மண்ணு டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு, குரோமியம் ஏகத்துக்கு இருக்கு. குரோமியத்துல ரெண்டு வகை இருக்கு: தோல் பதனிட போடுற மூணு இணைதிறன் குரோமியம் சீக்கிரம் கரையாது, ராணிப்பேட்டைல மூடின குரோமேட் கெமிக்கல் கம்பெனி விட்டுட்டுப் போன கழிவுல இருக்கிற ஆறு இணைதிறன் சமாச்சாரம்தான் தண்ணியில மஞ்சளா எறங்கி கேன்சர் வரைக்கும் இழுத்துட்டுப் போறது. எதுவானா இன்னா, அந்த மண்ணுல வெளஞ்ச கீரைய நான் சாப்ட மாட்டேன்பா.

இப்ப பசங்க வாலிபால் கோர்ட் கேக்குறாங்க, வெறும் மண்ணுல ஆடினா தூசி மூக்குக்குள்ள போகும், அதனால களிமண்ண கெட்டிச்சு மேல கான்கிரீட் போட்டு, மழத்தண்ணி உள்ள எறங்காம ஓரமா வடிகால் விடணும். போர்வெல் போடற பேச்சே கெடையாது.

1996ல சுப்ரீம் கோர்ட் டேனரி கழிவு பத்தின நம்ம வேலூர் கேஸ்லதான் மாசு பண்ணவனே செலவ ஏத்துக்கணும்னு சொல்லுச்சு, இங்க ஓனர் ஆளையே காணோம். பக்கத்து வீட்டு பெரியம்மா மட்டும் தொட்டியில புதினா வெச்சே தீருவேன்னு நிக்கிறாங்க, வெளி மண்ணு கொண்டாந்தா வைங்கனு சொல்லிட்டோம்.