புஷ்பக் விமானத்தின் முன்கண்ணாடி: துளையிட்டு நிறுத்துவதா, மாற்றுவதா?

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் தகரக் கொட்டகையில் நிற்கும் புஷ்பக் என்ற பழைய சிறு பயிற்சி விமானத்தை மாணவர்களோடு சேர்ந்து சீர்செய்து வருகிறேன். பெங்களூரின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.லில் வி.எம். காட்கே வடிவமைத்து 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்த அதே வகை. எஃகுக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் டோப் (துணியை இறுக்கி விறைப்பாக்கும் பூச்சு) பூசிய துணி, 90 குதிரைத்திறன் காண்டினென்டல் இஞ்சின். இது இனிப் பறக்கப் போவதில்லை. ஆனால் இஞ்சினை ஓட்டி, மைதானத்தில் உருட்டிக் காட்ட வேண்டும் என்பது துறைத்தலைவரின் விருப்பம். முன்கண்ணாடியின் இடது கீழ்மூலையில் ஒரு ஸ்க்ரூத் துளையிலிருந்து கிளம்பிய விரிசல் ஒரு சாண் அளவுக்கு மேலேறியிருக்கிறது. வெயிலுக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் பரப்பெங்கும் மயிரிழைக் கீறல்கள் மின்னுகின்றன. துளையிட்டு நிறுத்தினால் போதுமா, முழுதாக மாற்ற வேண்டுமா?

கயத்தாறு ஓடுபாதை:
மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பறக்காத விமானத்தில் மிஞ்சியிருக்கும் பழைய பாகங்களே அதன் மதிப்பு. விரிசலின் நுனியில் சிறு துளையிட்டால் அது மேற்கொண்டு ஓடாது. உட்புறமாக அக்ரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கில் ஒரு ஒட்டு வைத்தால் இஞ்சின் ஓட்டத்தின் காற்றைத் தாங்கும். புதுத்தகடு போட்ட பிறகு வருகிறவர்கள் பார்ப்பது பாதி பழையது, பாதி புதியது என்ற ஒன்றைத்தான். அதற்கு ஒரு மாதிரி விமானத்தையே செய்துவைத்து விடலாமே.

பாளை ஓய்வுபெற்ற பொறியாளர்:
கயத்தாற்று நண்பரின் பற்று எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் துளை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நுனியில் இடும் துளை விரிசலை நிறுத்துமே ஒழிய, இழந்த வலுவைத் திருப்பித் தராது. அதுவும் விரிசலின் உண்மையான நுனியைக் கண்டுபிடித்தால்தான்; அக்ரிலிக்கில் அது கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்றுத் தள்ளியே இருக்கும். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. வெளியிட்டுள்ள ஏ.சி. 43.13-1பி என்னும் பழுதுபார்ப்பு நூல், பெருமளவு சேதமடைந்த தகட்டைப் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே மேல் என்றும், எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் வலுவிலும் பார்வைத் தெளிவிலும் அது புதியதற்கு ஈடாகாது என்றும் சொல்கிறது. பறக்கும் விமானமாக இருந்தால் நான் விவாதத்துக்கே வரமாட்டேன். அங்கே அங்கீகரிக்கப்பட்ட பாகமும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கையொப்பமும் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இங்கே பறக்காது என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைக்க வேண்டாம். புரொப்பெல்லர் கிளப்பும் காற்று நேராக வந்து மோதுவது இந்தத் தகட்டின் மேல்தான். அதற்குப் பின்னால் ஒரு மாணவன் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மயிரிழைக் கீறல் பரவிய தகடு உடையும்போது எப்படி உடையும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தம்பி, முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தகட்டின் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் ஸ்க்ரூ பட்டைக்கு அடியில் மறையும் ஓரத்தில், அசிட்டோன் தோய்த்த துணியால் லேசாகத் தேயுங்கள். வெளுத்தால் அக்ரிலிக், நிறம் மாறாமல் இளகினால் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். பார்வைப் பரப்பில் மட்டும் அந்தத் துணி படவே கூடாது.

வள்ளியூர்க் காற்றாலை:
மாற்றுவதென்று ஆகிவிட்டால் அக்ரிலிக்கை மறுபடியும் ஏன் தேட வேண்டும்? பாலிகார்பனேட் என்ற இன்னொரு தெளிந்த பிளாஸ்டிக் இருக்கிறது; சுத்தியலால் அடித்தாலும் உடையாது. சாதாரண டிரில் பிட்டால் துளையிட்டாலும் விரிசல் விடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கிளப்பும் மணலிலும் கல்லிலும் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உடையாத பொருள்தான் வேண்டும்.

பாளை ஓய்வுபெற்ற பொறியாளர்:
மோதலைத் தாங்குவதில் பாலிகார்பனேட்டுக்கு நிகரில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அதே மணல்தான் அதற்கு எதிரி. அக்ரிலிக்கைவிட எளிதில் கீறல் விழும்; மேற்பூச்சு இல்லாததென்றால் வெயிலில் மஞ்சளிக்கும். பெட்ரோல் தெறித்தாலும் அது தாங்காது. பைப்பர் கப் என்ற சிறு அமெரிக்க விமானத்தில் எரிபொருள் மூடி முன்கண்ணாடிக்கு நேர் முன்னால் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிரப்பும்போது ஒரு துளி சிந்தினாலும் போய்ச் சேருவது கண்ணாடியில்தான். இந்த விமானத்துக்கு வார்ப்பு முறையில் செய்த அக்ரிலிக்கே ஏற்றது.

சங்கரன்கோவில்காரன்:
நெல்லையில் பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக் தகடு மலிவாகக் கிடைக்கிறதே?

பாளை ஓய்வுபெற்ற பொறியாளர்:
அங்கே கிடைப்பவற்றில் பல, அச்சில் பிதுக்கி எடுத்தவை. துளையிடும்போது சூட்டில் இளகிப் பிட்டில் ஒட்டும். தின்னர் ஆவி பட்டாலே விரிசல் விடும். வார்ப்புத் தகடுதானா என்று கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு எடுங்கள்.

கயத்தாறு ஓடுபாதை:
எந்தத் தகடு என்ற பேச்சில் என் கேள்வி அமுங்கிவிட்டது. பழைய தகட்டில் விரிசல் ஸ்க்ரூத் துளையிலிருந்து கிளம்பியிருக்கிறது. அப்படியானால் குற்றம் தகட்டில் இல்லை, முடுக்கியதில் இருக்கிறது. அதே கையால் அதே ஸ்க்ரூவை முடுக்கினால் புதுத்தகடும் இரண்டு கோடைக்குள் அதே இடத்தில் பிளக்கும். அதோடு, பட்டையின் மேல் டோப் வைத்து ஒட்டிய துணி நாடாவை அறுக்காமல் தகட்டை வெளியே எடுக்கவும் முடியாது. ஒரு விரிசலுக்காக அசல் துணியிலும் கை வைக்கப் போகிறீர்களா, ஐயா?

பாளை ஓய்வுபெற்ற பொறியாளர்:
காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் நாம் வேறுபடுகிறோம். கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் அக்ரிலிக், ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் நீளும், எஃகு 0.012 மட்டுமே. விடியற்காலைக்கும் சித்திரை நடுப்பகலில் வெளியே நிறுத்திய விமானத்தின் மேற்பரப்புக்கும் 35 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், தகடு சட்டகத்தைவிட 2 மில்லிமீட்டர் கூடுதலாக நகரப் பார்க்கும். துளை ஸ்க்ரூவின் பருமனுக்கே இருந்தால் அந்த 2 மில்லிமீட்டருக்குப் போக்கிடம் ஏது? ஆகவே துளையைத் தாராளமாகப் போட வேண்டும். நட்டை இறுக்கியபின் ஒரு முழுச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பரோ ஃபெல்ட்டோ இருக்க வேண்டும். டிரில் பிட்டின் வெட்டுமுனையைச் சற்று மழுக்கிக்கொண்டால் அது தகட்டைக் கடித்து இழுக்காமல் சுரண்டிக்கொண்டு இறங்கும். சூடேற்றாமல் வளைப்பதானால், வளைவின் ஆரம் தகட்டின் பருமனைப்போல் 180 மடங்குக்குக் குறையக் கூடாது. 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு அது 36 சென்டிமீட்டர்.

துணியைப் பற்றிய கவலை நியாயமானது. அறுப்பது நாடாவை மட்டும். கீழே உள்ள துணியைத் தொட வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம். நாடா வேலையையும் டோப் பூச்சையும் முதலில் முடித்து, ஆவி முழுதும் போகக் காயவிட்டு, அதன் பின்பே புதுத்தகட்டை உள்ளே செருக வேண்டும். நாடாவைப் பட்டையின் மேல் ஏற்றாமல் அதன் விளிம்போடு நிறுத்துங்கள். அடுத்தமுறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிய நாளில் டோப்பைத் திறக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும்.

வள்ளியூர்க் காற்றாலை:
தகடு அக்ரிலிக் என்றால் துடைப்பதிலும் கவனம் வேண்டும். தேரி மணல் படிந்திருக்கும்போது உலர்ந்த துணியை எடுத்துவிட்டால் ஒரே நாளில் பார்வை போய்விடும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு, வெறுங்கையால் தடவி மணலை அகற்ற வேண்டும். கையில் மணல் நெருடுவது நின்ற பிறகே துணி. அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவம் கூடவே கூடாது.

கயத்தாறு ஓடுபாதை:
இஞ்சினை ஓட்டும் நாளுக்குப் புதுத்தகடு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆண்டில் மற்ற நாள்களெல்லாம் விமானம் கொட்டகையில்தானே நிற்கப் போகிறது? அப்போது பழையதைப் பொருத்தி வைக்கலாமே.

பாளை ஓய்வுபெற்ற பொறியாளர்:
விரிசல் விட்ட தகட்டை ஆண்டுதோறும் கழற்றி மாட்டினால் அது ஒரு சாணோடு நிற்காது. அசல் பிழைக்க வேண்டுமானால் அதை மாட்டாமல் வைப்பதே வழி.

தாமிரபரணிக்கரை:
அசிட்டோன் சோதனையில் ஓரம் வெளுத்தது, அக்ரிலிக்தான். பழைய தகட்டை உடைக்காமல் கழற்றி, அதை வைத்து அட்டையில் வடிவம் எடுத்தபின், வளைவு கெடாதபடி மரச்சட்டத்தில் ஏற்றி விமானத்தின் அருகிலேயே வைக்கத் துறைத்தலைவர் இசைந்திருக்கிறார். கயத்தாற்று அண்ணாச்சி அதை மட்டும் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வார்ப்புத் தகடு கிடைக்கும் வரை இஞ்சினை ஓட்டப் போவதில்லை. நாடாவை அறுக்கும் வேலையைப் பங்குனியில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.

கயத்தாறு ஓடுபாதை:
வருகிறேன். அறுப்பதற்கு முன் நாடாவின் அகலத்தையும் அதன் ஓர வெட்டையும் படமெடுத்து வையுங்கள். புதிதாக ஒட்டுவதும் அதே அளவில் இருக்கட்டும்.