மாரித் தடிமனும் காய்ச்சலும்: வீட்டில நடக்கிற பிழையள் (யாழ்ப்பாணத்து மூண்டு ஊராக்கள் கதைக்கினம்)

கொக்குவில்:
கூடுதலாப் பிழைக்கிறது பிள்ளையளின்ர பனடோல் (பரசிற்றமோல்) சிரப் அளவு. 5 மில்லியில 120 மில்லிகிராம் உள்ள போத்திலும் இருக்கு, 250 உள்ளதும் இருக்கு. மூத்ததுக்கு வாங்கின 250 போத்திலை எடுத்து இளையதுக்கு 120 போத்திலில குடுக்கிற அதே மில்லியளவில பருக்கினா ரெண்டு மடங்குக்கு மேல போகும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் எண்டு பாருங்கோ. 8 கிலோப் பிள்ளைக்கு 120 போத்திலில 5 மில்லி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு நாலு தரம், அவ்வளவுதான். தேத்தண்ணிக் கரண்டி வீட்டுக்கு வீடு வேற. ஊசியில்லாத சிறிஞ்சால அளவுங்கோ.

பெரியாக்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் குளிசை ஒரு தரத்துக்கு ரெண்டு, நாளுக்கு எட்டுக் குளிசை தாண்டக் கூடாது. தடிமன் குளிசை பலதிலயும் பரசிற்றமோல் கிடக்கு, அதையும் சேர்த்து எண்ணுங்கோ.

பருத்தித்துறை:
தம்பி சொன்னதோட இதையும் சேருங்கோ. மாரியில டெங்கும் கூடவே வரும். முதல் ரெண்டு நாள் இன்புளுவென்சாவோ டெங்கோ எண்டு பாத்துப் பிரிக்கேலாது. அதால இபுபுரூபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் எண்ட நோக்குளிசையள் ஒண்டும் வேண்டாம். டெங்கெண்டா அதுகளால இரத்தம் கசியலாம். மூண்டாம் நாளும் காய்ச்சல் விடாட்டி இரத்தம் சோதியுங்கோ. வயலுக்கை இறங்கினவை அதை டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. 2024 மார்கழியில இஞ்ச ஆக்களைக் கொண்டுபோன, வயல் தண்ணியால தொத்துற எலிக்காய்ச்சலிலயும் மூச்சுத் திணறும்.

உரும்பிராய்:
அன்ரிபயோற்றிக் கேட்டு அடம்பிடிக்கிறதை விடுங்கோவன். வைரசுக்கு அது ஒண்டும் செய்யாது. இன்புளுவென்சாவுக்கெண்டு இருக்கிறது ஓசெல்ராமிவிர்: பெரியாக்களுக்கு 75 மில்லிகிராம், காலமை ஒண்டு பின்னேரம் ஒண்டு, அஞ்சு நாள். வருத்தம் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள்ள எடுக்கத் தொடங்கினாத்தான் நல்ல பலன். எல்லாருக்கும் தேவைப்படாது. கர்ப்பிணியள், வயசு போனவை, ஆஸ்மா, சீனி வருத்தக்காரர் முதல் நாளே டொக்டரிட்டப் போகவேணும்.

மல்லித்தண்ணி குடியுங்கோ, தொண்டைக்கு இதம். ஆவிச்சட்டிக்குக் கிட்ட மட்டும் பிள்ளையளை விடாதேங்கோ. வைரஸ் சாகாது, தோல்தான் வேகும்.

கொக்குவில்:
அக்கா, யன்னலை மறந்திட்டம். பொழுதுபட நுளம்புக்குப் பயந்து எல்லாத்தையும் பூட்டினா இருமினது முழுக்க உள்ளுக்கையே சுத்தும். நெற் அடிச்சுத் திறந்து விடுங்கோ. ஃபானை வருத்தக்காரற்ர பக்கத்தில மற்றாக்களைப் பாக்க வைக்காமல், யன்னலடியில வெளிய பாக்க வையுங்கோ.

விரலில மாட்டுற ஒட்சிசன் மீற்றர், விரல் குளிர்ந்திருந்தாலும் நகத்தில மருதோன்றி இருந்தாலும் பிழையாக் காட்டும். கையைத் தேய்ச்சுச் சூடாக்கி, வேற விரலில ஒரு நிமிசம் வைச்சுப் பாருங்கோ. 94க்குக் கீழயே நிண்டா 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. ஒரு வயசு தாண்டின சின்னப் பிள்ளை சும்மா படுத்திருக்கேக்கையே நிமிசத்துக்கு 40 தரம் மூச்சு வாங்கினா மீற்றரைத் தேடிக்கொண்டு நிக்காதேங்கோ, ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ.