'பட்டாம்பூச்சி' குமுதம் பைண்டிங் யார் வீட்டிலாவது இருக்கிறதா?

எல்லாருக்கும் வணக்கம். மதுரை செல்லூரிலிருந்து எழுதுகிறேன்.

ஹென்றி ஷாரியரின் 'பாப்பிலான்' தன்வரலாற்றை ரா.கி.ரங்கராஜன் 'பட்டாம்பூச்சி' என்று குமுதத்தில் தொடராகத் தந்தாரே, அதன் பைண்டிங் வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்தது. மேலே பழைய காலண்டர் அட்டை. வீடு மாறும்போது என் கவனக்குறைவால் பழைய பேப்பரோடு போய்விட்டது. அம்மாவும் இப்போது இல்லை.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரிவதில்லை. அதை நான் வாசித்துக் காட்ட வேண்டுமாம். 1931-ல் ஷாரியருக்குக் கொலைப்பழியில் ஆயுள் தண்டனை கிடைத்ததும், தேங்காய் அடைத்த சாக்கோடு கடலில் குதித்ததும், கடைசியில் வெனிசுவேலாவில் வாழ்வு கிடைத்ததும் அப்பாவுக்கு அத்துப்படி. தனிக்கொட்டடியில் அவன் ஐந்து எட்டு எடுத்துவைத்துத் திரும்புவதைச் சொல்லும்போது அப்பாவின் விரல் கட்டில் சட்டத்தில் ஒன்று, இரண்டு என்று தட்டும். அத்தனையும் ஷாரியருக்கே நடந்ததா என்ற கேள்வி உண்டுதான். அப்பாவுக்கு அது பொருட்டே இல்லை.

புத்தகமாக வந்தது தெரியும். ஆனால் அவர் கேட்பது அந்தக் குமுதம் பக்கங்களை. டவுன்ஹால் ரோடு, குன்னத்தூர் சத்திரம் கடைகளில் கேட்டுவிட்டேன், இல்லை. சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டி பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் இரவல் போதும்; ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நானே நேரில் வந்து திருப்பித் தருகிறேன். நடுவில் சில வாரங்கள் விட்டுப்போயிருந்தாலும் சரி.