2,000 டாலர் மானியத்துக்கு இத்தனை காகிதமா? இதை நிறுத்திவிட்டால் என்ன?

ஏரிக்கரை:
நாங்கள் இருப்பது அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். இங்குள்ள பொது நூலகத்தின் தன்னார்வலர் குழுவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். மாநில ஹியூமானிட்டிஸ் கவுன்சில் தரும் சிறு மானியத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று போன வாரம் குழுவில் பேச்சு வந்தது, நான் வேண்டாம் என்றேன், பெரிய வாக்குவாதமாகிவிட்டது. (ஹியூமானிட்டிஸ் என்றால் வரலாறு, இலக்கியம், தத்துவம் போன்ற துறைகள். அதை மானுடவியல் என்று எழுதினால் ஆந்த்ரோபாலஜி ஆகிவிடும், அதனால் அப்படியே விடுகிறேன்.)

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தடவை வாங்கினோம். பழங்களை டின்னில் அடைக்கும் ஆலை ஒன்று இங்கே இருந்து மூடிப்போனது, அதில் வேலை பார்த்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தினோம். நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. ஆனால் அதற்கு முன் நாங்கள் பட்ட பாடு! கூட்டரசின், அதாவது மத்திய அரசின், பணம் என்பதால் யூஇஐ எண் (அந்த அரசு ஒவ்வோர் அமைப்புக்கும் தரும் அடையாள எண்) வேண்டும் என்றார்கள். பதிவுப் பத்திரத்தில் 'ஸ்ட்ரீட்' என்று முழுதாக இருந்தது, வங்கிக் கடிதத்தில் 'எஸ்டி' என்று சுருக்கமாக இருந்தது, அந்த ஒரு சொல்லைச் சரிசெய்ய மூன்று வாரம் போனது. அப்புறம் பட்ஜெட் படிவம், தன்னார்வலர் நேரத்தாள், நடுவில் ஓர் அறிக்கை, முடிவில் ஓர் அறிக்கை, கடைசி 400 டாலர் அந்த இறுதி அறிக்கைக்குப் பிறகுதான். நான்கு பேர் சேர்ந்து செலவழித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் எழுபது மணிக்கு மேல் வருகிறது. அதே எழுபது மணி நேரம் இருந்திருந்தால் இன்னும் பத்துப் பேரிடம் போய்ப் பேசிப் பதிவு செய்திருப்போம், அதில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை.

என் கருத்து இதுதான். ஐம்பது குழுக்களுக்கு இரண்டாயிரம் இரண்டாயிரமாகப் பிய்த்துக் கொடுப்பதற்குப் பதில், ஐந்தே இடங்களுக்கு இருபதாயிரம் கொடுங்கள், அங்கே சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்து மூன்று வருடம் உருப்படியாக வேலை நடக்கட்டும்.

நூலகப்பூனை:
அக்கா, உங்கள் மூன்று வார அலைச்சல் எனக்கும் நேர்ந்தது, அதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. ஆனால் முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

அந்த ஐந்து இடங்கள் எவையாக இருக்கும் என்று யோசியுங்கள். பல்கலைக்கழகம் உள்ள ஊர், மானியம் எழுதவே தனி ஆள் வைத்திருக்கும் அருங்காட்சியகம், தலைநகரில் இருக்கும் பெரிய நூலகம். உங்கள் ஆலை ஊர் அந்தப் பட்டியலில் வரவே வராது. என் ஊரும் வராது. எங்கள் நூலகத்தில் சம்பளத்துக்கு இருப்பது ஒன்றரை ஆள்தான், வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறோம், இந்த மாதிரி ஒரு நிகழ்ச்சிக்கு வெளியிலிருந்து வரும் ஒரே பணம் இதுதான்.

நாங்கள் 1,500 டாலரில் நடத்திய ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பழைய ரயில் நிலையத்தைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியர் வந்தார், திரையில் ஒரு புகைப்படம் போட்டு, இது தெற்கு நடைமேடை என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து, "இல்லை, அது வடக்கு. கறுப்பர்கள் அங்கேதான் நிற்க வேண்டும், என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் அந்தத் தூணுக்குப் பக்கத்தில்" என்றார். அறையில் சத்தமே இல்லை. பேராசிரியர் பேசுவதை நிறுத்திவிட்டு மைக்கை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார், அடுத்த நாற்பது நிமிடம் அவர்தான் பேசினார். அறுபது வருடமாக அதே ஊரில் இருக்கிறார், அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. இருபதாயிரம் டாலர் திட்டமாக இருந்தால் அவர் வீட்டிலிருந்து எண்பது மைல் தள்ளி நடந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேருக்கும் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். மூன்று சின்ன அமைப்புகளுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன், இந்த மானியங்கள் என் மேசைக்கு வந்துதான் போகும்.

இந்தக் கவுன்சில்கள் அரசு அலுவலகங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவை லாப நோக்கமற்ற தனி அமைப்புகள். 1965இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் கலைக்கு ஒன்று, ஹியூமானிட்டிஸுக்கு ஒன்று என்று இரண்டு தேசிய நிதியங்கள் பிறந்தன, அதில் இரண்டாவதுதான் என்இஎச். 1971 முதல் மாநிலவாரியாகக் கவுன்சில்கள் வந்தன, இன்று 50 மாநிலங்கள், வாஷிங்டன் டிசி, போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற பகுதிகள் எல்லாம் சேர்த்து 56. என்இஎச் பணம் கவுன்சில் வழியாக உங்களுக்கு வரும்போது கூட்டரசு விதிகளும் கூடவே வரும். எண் கேட்பதும் நேரத்தாள் கேட்பதும் கவுன்சில்காரர்கள் வேண்டுமென்று செய்வதில்லை, கேட்காவிட்டால் தணிக்கையில் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

அப்புறம் ஈடு. ஒரு டாலர் வாங்கினால் ஒரு டாலர் மதிப்புக்கு உங்கள் பக்கத்திலிருந்து காட்ட வேண்டும். ரொக்கமாகத் தேவையில்லை, உழைப்பாகக் காட்டலாம். தன்னார்வலர் ஒரு மணி நேரத்துக்கு 34.79 டாலர் என்று இண்டிபெண்டன்ட் செக்டர் என்ற லாப நோக்கமற்ற அமைப்புகளின் கூட்டமைப்பு 2025இல் சொன்னது, பல இடங்களில் அந்தக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். 58 மணி நேரம் எழுதிக் காட்டினால் 2,000 டாலருக்கு ஈடு முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்து பதிவுகளை எழுத்தாக்கினாலே வந்துவிடும்.

இதையெல்லாம் சொன்னாலும் நான் ஏரிக்கரை பக்கம்தான். 2,000 டாலருக்கும் 20,000 டாலருக்கும் காகித வேலை கிட்டத்தட்ட ஒன்றே. கொடுக்கிற கவுன்சிலுக்கும் அப்படித்தான், ஒவ்வொரு சின்ன மானியத்துக்கும் அங்கே ஒருவர் ஒப்பந்தம் எழுதி அறிக்கை படிக்க வேண்டும், அவர் சம்பளமும் அதே பணத்திலிருந்துதான் போகிறது.

ஏரிக்கரை:
பூனை, அந்த முதியவர் கதையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் நீங்களே சொன்னதில் என் பெரிய வருத்தம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பணம் யாருக்குப் போனது? பேராசிரியருக்குப் பயணப்படி, மதிப்பூதியம். முதியவருக்கு?

எங்கள் மானிய விதியிலும் "ஹியூமானிட்டிஸ் அறிஞர் ஒருவர் கட்டாயம் பங்கேற்க வேண்டும்" என்று இருந்தது. முப்பது வருடம் அந்த ஆலையில் பீச் பழம் உரித்த அம்மாவுக்கு அதைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது? மூன்று மணி நேரப் பயணத் தூரத்திலிருந்து ஒருவரைத் தேடிப்பிடித்தோம், நல்ல மனிதர், ஆனால் ஆலையைப் பற்றி அவர் படித்ததே எங்கள் பதிவுகளிலிருந்துதான். மானியத்தில் 600 டாலர் அவருக்குப் போனது.

இன்னொன்று. நடனமோ நாடகமோ நடத்தப் பணம் கிடையாது, அது கலை நிதியத்தின் வேலை. நடனத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசினால் கிடைக்கும். ஆலையில் பெண்கள் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டுகளை அவர்களே மேடையில் பாடப் பட்ஜெட்டில் ஒரு வரி போட்டிருந்தேன், அது திரும்பி வந்தது. பாட்டைப் பற்றி ஒருவர் விளக்கவுரை தந்தால் சரியாம். பாடுகிறவரைவிட விளக்குகிறவர் எப்படிப் பெரியவராகிறார்?

நூலகப்பூனை:
இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். 1965 சட்டம் மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம், ஒப்பீட்டுச் சமயம், கலைகளின் வரலாறும் விமர்சனமும் என்று பட்டியல் போடுகிறது, அதை ஆராய்வதும் விளக்குவதும்தான் ஹியூமானிட்டிஸ் என்கிறது. ஆனால் விளக்குகிறவர் பட்டம் வாங்கியவராக இருக்க வேண்டும் என்பதை நாம் எதிர்த்துப் பேசலாம், சில கவுன்சில்கள் ஊர்ப் பெரியவர்களையும் மரபறிந்தவர்களையும் அறிஞர் என்றே ஏற்கின்றன. உங்கள் கவுன்சிலிடம் கேட்டீர்களா? விண்ணப்பத்துக்கு முன்பே திட்ட அதிகாரியைக் கூப்பிட்டுப் பேசினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும், என் அனுபவத்தில் அவர்கள் போனை எடுப்பவர்கள்.

சுயதுணை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் என்ன ஆனது? ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை என்இஎச் ஒரே மூச்சில் ரத்து செய்தது, 56 கவுன்சில்களின் பணமும் அதில் போனது. ஒப்பந்தம் கையில் வைத்திருந்த ஊர் நூலகங்கள் நிகழ்ச்சியை நடத்துவதா நிறுத்துவதா என்று தெரியாமல் நின்றன. அரசுப் பணத்தில் நின்றால் இதுதான் கதி. ஊர்க் கதையை ஊரே பணம் போட்டுச் சேகரிக்கட்டும். நூறு பேர் இருபது டாலர் போட்டால் உங்கள் 2,000 வந்துவிட்டது, எண்ணும் வேண்டாம், அறிக்கையும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
சுயதுணை சொல்வதில் பயம் நியாயம், தீர்வு தவறு. அந்த மாதக் கடைசியில் மெல்லன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் அவசர உதவி அறிவித்தது, ஒவ்வொரு கவுன்சிலுக்கும் முதலில் 2 லட்சம் டாலர். ஒரு பெரிய தனியார் அறக்கட்டளை இறங்கியும் பழைய தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, ஏனென்றால் கவுன்சில்களுக்குக் கூட்டரசு ஒரு வருடத்துக்குக் கொடுத்தது சுமார் 6.5 கோடி டாலர். மக்கள்தொகைக்கு வகுத்தால் தலைக்கு 20 சென்ட்கூட இல்லை. அந்த 20 சென்ட்டையும் மிச்சம் பிடிப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை. ஓரிகன் மாநிலக் கவுன்சிலும் கவுன்சில்களின் கூட்டமைப்பும் போட்ட வழக்கில் அதே வருடம் ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த ரத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒதுக்கிய பணம் என்பதுதான் வாதத்தின் அடிப்படை.

நூலகப்பூனை:
நூறு பேர் இருபது டாலர் போடும் ஊரில் நூலகம் வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும், சுயதுணை. எங்கள் ஊரில் டாலர் ஸ்டோர் ஒன்று மூடினாலே கலங்கிப்போகிறோம். தவிரவும், ஊர்ப் பணக்காரர்கள் காசு போட்டால் எந்தக் கதை சொல்லப்படும்? அந்த நடைமேடைக் கதைக்கு எங்கள் ஊரில் யாரும் இருபது டாலர் போட்டிருக்க மாட்டார்கள், சிலர் நடத்தாதே என்று சொல்லவும் செய்தார்கள். கவுன்சிலின் கடிதம் கையில் இருந்ததால்தான் நூலக வாரியம் சரி என்றது. 1,500 டாலரைவிட அந்தக் கடிதம் எங்களுக்குப் பெரிது.

சுயதுணை:
அந்தக் கடைசி விஷயத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே கையை நம்பி இருப்பது ஆபத்து என்பதில் மாறமாட்டேன்.

ஏரிக்கரை:
கடிதத்தின் மதிப்பு எனக்கும் தெரியும், எங்கள் கூட்டத்துக்கு ஆலை முதலாளியின் குடும்பம் வந்து உட்கார்ந்தது அதனால்தான். சரி, ஐந்து இடங்களுக்கு மட்டும் என்று நான் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் இதே காகிதத்தோடு இன்னொரு முறை என்னால் முடியாது. கவுன்சிலுக்கு இரண்டு கேள்வி எழுதப் போகிறேன்: மாவட்ட நூலக அமைப்பிடம் ஏற்கெனவே எண் இருக்கிறது, பணம் அவர்கள் வழியாக வந்து நாங்கள் வேலையை மட்டும் பார்க்கலாமா? கூடவே, ஆலையில் வேலை பார்த்த அம்மாவை அறிஞர் என்று படிவத்தில் எழுதி அந்த 600 டாலரை அவருக்குக் கொடுக்கலாமா?

இரண்டாவதற்கு முடியாது என்று பதில் வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், குழுவில் வேறு யாராவது போடட்டும்.

கணக்குப்பிள்ளை:
முதல் கேள்விக்கு வழி உண்டு, நிதிப் பொறுப்பாளர் என்று இன்னோர் அமைப்பைக் காட்டலாம், அவர்கள் கொஞ்சம் சதவீதம் கேட்கக்கூடும், அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். என் நேரத்தாள் படிவத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். தேதி, பெயர், செய்த வேலை, மணி, கையெழுத்து, ஐந்தே கட்டம். அன்றன்றைக்கே எழுதச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதில்தான் எல்லோருடைய நேரமும் போகிறது.

நூலகப்பூனை:
அக்கா, இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் இங்கே போடுங்கள். அந்த முதியவருக்கு இந்த வருடம் 84, எங்கள் அடுத்த விண்ணப்பத்தில் அவர் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கும் தெரிய வேண்டும்.