திருகோணமலையில் ஓட ஒரு ஸ்டீல் பிறேம்: பிறேக் ஹோசை மறைச்சது வடிவா, வில்லங்கமா?

உப்புவெளி_28

புதுசாப் பூட்டி முடிஞ்ச சைக்கிளின் படம் போட்டிருக்கிறன். போனில படம் சின்னனாத் தெரியிறவைக்கு விபரம்: அளவெடுத்துச் செய்த ஸ்டீல் பிறேம், கொலம்பஸ் ஸ்பிரிட் குழாய், கடும்பச்சைப் பெயின்ற், காபன் போக் (முன் சில்லைப் பிடிக்கிற கவர்). ஷிமானோ 105 டிஐ2 (பற்றரியில கியர் மாத்துறது), 12 கியர். பல்லுக் கணக்கு முன்னுக்கு 50/34, பின்னுக்கு 11-34. ஹாண்டிலும் அதைப் பிடிக்கிற ஸ்டெம்மும் ஒரே துண்டுக் காபன். டிஸ்க் பிறேக்கின் ஒயில் போற ரெண்டு ஹோசும் அதுக்குள்ளால ஓடி ஹெட்செற் (ஹாண்டில் திரும்புற பெயரிங் பகுதி) வழியா இறங்குது. 50 மில்லிமீற்றர் காபன் றிம், சில்லுக்கு 24 கம்பி, கம்பியை றிம்மில இறுக்கிற நிப்பிள் அலுமினியம். 28 மில்லிமீற்றர் ரயர், மண்ணிறப் பக்கம். சீற்றும் ஹாண்டில் ரேப்பும் கறுப்பு. ஸ்டெம்முக்குக் கீழ 35 மில்லிமீற்றர் ஸ்பேசர் வளையம்.

ஓடப்போறது நிலாவெளி, குச்சவெளிப் பக்கமும் கிண்ணியாப் பக்கமும். வடிவையும் சாமான் தெரிவையும் ஒளிக்காமல் சொல்லுங்கோ.

கொட்டியாரம்

பச்சை நல்ல தெரிவு, வெல்டும் துப்புரவா இருக்கு. ஆனா கண் முதல் போய் நிக்கிறது ஹெட் குழாயில. ஹோஸ் ரெண்டையும் மேல் பெயரிங்குக்குள்ளால விட வேணும் எண்டதுக்காக மேலயும் 1.5 அங்குல பெயரிங் போட்டிருக்கு. அதின்ர வெளிவிட்டம் 52 மில்லிமீற்றர். அதை வைக்கிற குழாய் 55-ஐத் தாண்டும். அதில வந்து சேருற மேல் குழாய் 31.8. ஸ்டீல் பிறேமின்ர வடிவே குழாயெல்லாம் மெல்லிசா ஒரு சீரில ஓடுறதுதான். இதில ஹோசை மறைக்கப்போய் முன்பக்கம் வீங்கிப்போச்சு. வெளியால வளைஞ்சு போற ரெண்டு கறுப்பு ஹோஸ் இதைவிட எவ்வளவோ வடிவு.

அடுத்தது அந்த 35 ஸ்பேசர். கடையில அடுக்கி வைச்ச 54, 56 அளவுப் பிறேமில ஒண்டை எடுத்துச் சமாளிக்கிறவைக்கு அது தேவைப்படும். உடம்பை அளந்து செய்யிற பிறேமில அந்த 35-இல 25-ஐ ஹெட் குழாயின்ர நீளத்திலயே சேர்த்திருக்கலாம். இப்ப பாக்க, வேற ஒராளின்ர பிறேமில ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு.

உள்துறைமுகம்

முழுக்க உடன்பட ஏலாது. கீழ்க் குழாய் 38; அதோட சேர்த்துப் பாத்தா ஹெட் குழாய் துருத்தி நிக்கேல்ல. முன்னால வயர் ஒண்டும் இல்லாததால பிறேமின்ர கோடு ஹாண்டில் வரைக்கும் அறுபடாமல் ஓடுது. இந்தப் பச்சைக்கு அந்த அமைதி தேவை.

வெளி ஹோசுக்கும் ஒரு விலை இருக்கு. ஹாண்டில் திரும்பத் திரும்ப ஹோஸ் ஹெட் குழாயில உரசும். உரசின இடத்தில பெயின்ற் போகும். பெயின்ற் போன ஸ்டீலுக்கு எங்கட உப்புக்காத்து பட்டா ஒரு மாரிக்குள்ள கறள் வெளிக்கிடும். மறைச்சு விட்டா அந்தப் பிரச்சினையே இல்லை.

முந்தி மறைச்ச வயருக்குச் சொன்ன பெரிய குறை, வளைவு கூடி கியர் கேபிள் இறுகும் எண்டது. 12 கியர் டிஐ2-இல ஷிஃப்டரில இருந்து பின்னுக்கு வயரே போறேல்ல, வயர்லெஸ். முன்னால உள்ளது பிறேக் ஹோஸ் ரெண்டும்தான். அதுக்கு வளைவால ஒரு பாதிப்பும் வராது.

ஸ்பேசர் பற்றி: காபன் ஸ்டியரரை (போக்கின்ர மேல் தண்டை) வெட்டினா வெட்டினதுதான். இருக்கை நிலை உறுதியாகு மட்டும் நீளமா விடுறது சரியான வேலை.

கொட்டியாரம்

உரசல் பிரச்சினை ஒரு துண்டுத் தெளிவான ஸ்டிக்கரோட முடிஞ்சுபோகும். மறைச்ச ஹோசின்ர பிரச்சினை அப்பிடி முடியாது. ஏனெண்டு விரிவாச் சொல்லுறன்.

திருமலையில ஹெட்செற்றுக்கு ரெண்டு பக்கத்தாலயும் உப்பு வருது. கீழ் பெயரிங்குக்கு முன் சில்லு தெறிக்கிற தண்ணியும் கடற்கரை மணலும். மேல் பெயரிங்குக்கு வேர்வை. இந்த வெக்கையில குனிஞ்சு ஓடுற ஒராளின்ர வேர்வை நேரா ஸ்டெம் மூடியிலதான் சொட்டும். சாதாரண ஸ்டீல் பெயரிங் எண்டா கிறீஸ் கழுவுப்பட்ட உடன கறள் தொடங்கும். ஹாண்டிலைத் திருப்பேக்க நடுவில ஒரு இடத்தில "டக்" எண்டு இருந்தா அது போயிட்டுது எண்டு அர்த்தம்.

ஹோஸ் வெளியால ஓடுற சைக்கிளில: மேல் மூடியைக் கழட்டி, ஸ்டெம்மைத் தளர்த்தி, போக்கை இறக்கி, பெயரிங்கை எடுத்துத் துடைச்சு, கிறீஸ் வைச்சுத் திருப்பிப் பூட்ட அரை மணித்தியாலம் காணும். ஹோசை இணைப்பில இருந்து கழட்டவே தேவையில்லை.

இந்தச் சைக்கிளில ஹோஸ் ரெண்டும் மேல் பெயரிங்கின்ர வளையத்துக்குள்ளால போகுது. பெயரிங்கை மாத்த பிறேக் லீவரில ரெண்டையும் கழட்ட வேணும். கழட்டினா நசிஞ்ச ஒலிவ் (ஹோசில இறுகுற சின்ன வளையம்) இருக்கிற நுனியை வெட்ட வேணும். ஒவ்வொரு முறையும் 10, 15 மில்லிமீற்றர் குறையும். புது ஒலிவ், ஹோசுக்குள்ள செருகுற புது இன்சேர்ட் போட்டு, ஃபிளாஞ்ச் நட்டை 5 தொடக்கம் 7 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, டிஸ்கைக் கவ்வுற கலிபரில சிறிஞ்சும் லீவரில புனலும் வைச்சு மினரல் ஒயில் ஏத்தி, காத்துக் குமிழ் போகுமட்டும் தட்டித் தட்டி எடுக்க வேணும். அரை நாள் வேலை. இந்த வேலைக்குப் பயந்தே ஆக்கள் பெயரிங்கைத் திறக்காமல் விடுவினம். திறக்காத ஹெட்செற்தான் போக்கின்ர இருக்கையையும் சேர்த்துத் தின்னும்.

நான் சொல்லுறது இதுதான்: எங்கட ஊரில கழட்டிக் கழுவ ஏலாத சைக்கிள் ரெண்டாவது வருசம் வடிவா இராது. அப்ப அதை வடிவு எண்டு கணக்கில எடுக்கக் கூடாது.

உள்துறைமுகம்

வேலை கூட எண்டதை மறுக்கேல்ல. ஆனா அதுக்கு முன்னேற்பாடு இருக்கு. முதல் நாளே ஸ்டெயின்லெஸ் பெயரிங் போட்டு, வளையத்துக்கு மேலயும் கீழயும் தண்ணிக்குக் கரையாத மெரின் கிறீஸைத் தாராளமா அப்பி விடலாம். துறைமுக ஊர், படகு எஞ்சின் சாமான் விக்கிற கடையில அது கிடைக்கும்.

இன்னொண்டு. அலுமினிய ஹாண்டிலில ரேப்புக்குக் கீழ வேர்வை தங்கி உலோகத்தை அரிக்கும். வெள்ளைத் தூளும் குழியுமாத் தெரியும், கவனியாமல் விட்டா ஷிஃப்டர் கவ்வுற இடத்தில முறியும். வருசத்துக்கு ஒருக்காவாவது ரேப்பைக் கழட்டிப் பாக்க வேணும். இதில உள்ளது காபன் ஹாண்டில், அதை வேர்வை அரிக்காது. கொட்டியாரம் அண்ணை அதையும் தராசில வைக்க வேணும்.

சில்லுக்கட்டி

நீங்கள் ரெண்டு பேரும் முன்பக்கத்தில நிக்கிறியள். எனக்குப் பயம் சில்லில.

காபன் றிம்மில அலுமினிய நிப்பிள், அதுவும் கடலோரத்தில. காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இருக்க, நடுவில உப்புத்தண்ணி வந்தா அலுமினியம்தான் அரிபடும். முதல் நிப்பிள் கம்பியோட இறுகும், சில்லு நேராக்கச் சாவி போட்டா முனை உருளும். பிறகு ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கேக்கயே தலை கழண்டு றிம்முக்குள்ள கிலுகிலுக்கும். 24 கம்பிச் சில்லில ஒரு கம்பி தளர்ந்தா றிம் நல்லாவே ஆடும்.

பித்தளை நிப்பிள் போடுங்கோ. ரெண்டு சில்லுக்கும் 48 நிப்பிள். அலுமினியம் ஒண்டு 0.3 கிராம் அளவு, பித்தளை 1 கிராம் அளவு. மொத்தத்தில கூடுறது 30 கிராம் சொச்சம், ரெண்டு மிடறு தண்ணி. கறுப்புப் பூச்சுப் பித்தளை இருக்கு, பாக்க ஒரு வித்தியாசமும் தெரியாது.

கிண்ணியாப்பாலம்

50 றிம் பற்றி ஆரும் கதைக்கல்லையே. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், 2009-இல திறந்தது, ரெண்டு பக்கமும் வெறும் தண்ணி. கச்சான் காத்து வீசுற மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் அதில ஒதுங்க ஒரு மறைப்பும் இல்லை. நிலாவெளியில இருந்து இறக்கண்டிப் பக்கம் போற றோட்டிலயும் அந்தக் காத்து விலாவிலதான் அடிக்கும். முன் சில்லுதான் திரும்புற சில்லு. ஆழம் கூடினா காத்து ஹாண்டிலையே பிடிச்சுத் திருப்பும். பஸ் ஒண்டு பக்கத்தால கடக்கேக்க காத்து சட்டெண்டு நிண்டு திரும்ப அடிக்கிற நேரம்தான் கூட ஆபத்து. முன்னுக்கு 35, பின்னுக்கு 50 போதும். மெல்லிய குழாய்ப் பிறேமுக்கு முன்னுக்கு ஆழம் குறைஞ்ச றிம் வடிவாவும் இருக்கும்.

அடுத்தது கியர். கோணேசர் கோயில் ஏத்தமும் ஓர்ஸ் ஹில்லும் தவிர இந்தப் பக்கம் ஏத்தம் எங்க இருக்கு? 11-34 எதுக்கு? அதில 15 பல்லுக்கு அடுத்தது 17. 11-30-இல 15, 16, 17 மூண்டும் இருக்கு. 50 பல்லில, நிமிசத்துக்கு 90 மிதி எண்டு வைச்சா 15-க்கு 38, 16-க்கு 36, 17-க்கு 34 கிலோமீற்றர் வேகம் வரும். கூட்டமா ஓடுற வேகம் இதுக்குள்ளதான் நிக்கும். அந்த 16 இல்லாட்டி ஒண்டு இறுக்கம், இல்லாட்டி சுத்தல். சின்ன கசெற் (பின் பல்லுத் தொகுதி) பாக்கவும் அடக்கமா இருக்கும்.

உள்துறைமுகம்

கியர் விசயத்தில கிண்ணியாப்பாலம் நானா சொல்லுறது சரி. றிம் விசயத்தில முன்னும் பின்னும் வேற வேற ஆழம் எண்டா எனக்குக் கண்ணுக்குக் குத்தும், ஆனா கச்சானோட வாதாட மாட்டன்.

மண்ணிற ரயர் எண்டா சீற் இல்லாட்டி ரேப், ஏதாவது ஒண்டு அதே நிறத்துக்கு வர வேணும். இப்ப அது தனிச்சு நிக்குது. அந்தப் பக்கச்சுவரை வெயிலில நிப்பாட்டி வைக்கவும் கூடாது, காய்ஞ்சு வெடிக்கும். படம் எடுக்கேக்க செயினை முன்னுக்குப் பெரிய பல்லில, பின்னுக்குச் சின்னப் பல்லில போட்டு எடுங்கோ. ரயரின்ர எழுத்து வால்வுக்கு நேரா வரட்டும்.

உப்புவெளி_28

எல்லாருக்கும் நன்றி. பித்தளை நிப்பிளும் 11-30-உம் ஒத்துக்கொள்ளுறன். முன் றிம்மை 35-க்கு மாத்துவன். ரேப்பை மண்ணிறமாக்கினா தோல் சீற்றும் வேணும், அது வேர்வையில கெடும். அதால ரயரைக் கறுப்பாக்குறது லேசு. ஸ்பேசரும் படிப்படியாக் குறையும்.

ஹோசை வெளியில எடுக்க மாட்டன். இந்தப் பிறேமில அதுக்கு வேற துளையே இல்லை, ஸ்டீலில புதுசாத் துளைக்கிறது பெயின்ற்றையும் பலத்தையும் கெடுக்கும். அப்ப இருக்கிறதை வைச்சு என்ன செய்யலாம் எண்டு கொட்டியாரம் அண்ணை சொல்லுங்கோ. நிப்பிளை மாத்தச் சில்லு முழுக்கக் கழட்ட வேணுமா எண்டதையும் ஆராவது சொல்லுங்கோ.

கொட்டியாரம்

தம்பி, துளைக்க வேண்டாம் எண்டதில எனக்கும் மறுப்பில்லை. அந்தப் பிறேம் குழாயின்ர தடிப்பு நடுவில 0.4 மில்லிமீற்றருக்கும் குறைவு. பெயரிங்கை எப்பிடியும் ஒருநாள் மாத்த வேண்டி வரும், அதால ரெண்டு முறை வெட்டினாலும் காணுற அளவு பின் ஹோசை கீழ்க் குழாய்க்குள்ள மிச்சமா விடுங்கோ. குழாயில அடிபட்டுச் சத்தம் போடாமல் ஸ்பஞ்ச் உறை போட்டு விடுங்கோ. முன் ஹோசுக்கு அப்பிடி ஒளிக்க இடமில்லை. அதுக்கு ரெண்டாம் முறையில புது ஹோஸ் எண்டே கணக்கு வையுங்கோ.

ஸ்பேசரைக் குறைச்சாலும் ஸ்டியரரை உடன வெட்டாதேங்கோ. எடுத்ததை ஸ்டெம்முக்கு மேல வைச்சு ஓடிப் பாத்து, நிலை பிடிச்ச பிறகு வெட்டுங்கோ. வெட்டினாப் பிறகும் மேல ஒரு 5 மில்லிமீற்றர் ஸ்பேசர் இருக்கட்டும், காபன் ஸ்டியரரைக் கவ்வுற ஸ்டெம்முக்கு அது நல்லம்.

குழாயின்ர உள்பக்கத்தையும் மறக்க வேண்டாம். மாரி தொடங்க முதல் சீற் போஸ்ற்றை எடுத்து, கறள் தடுக்கிற மெழுகு ஒயிலை உள்ள விசிறி, பிறேமை நாலு பக்கமும் சரிச்சு ஓட விடுங்கோ. டிஐ2 பற்றரி போஸ்ற்றுக்குள்ளதான் இருக்கும். வயர் இழுபடாமல் மெல்ல எடுத்து, பிளக்கைக் கழட்டிப்போட்டு வேலையைச் செய்யுங்கோ. மிதி அச்சு இருக்கிற பொட்டம் பிராக்கெற்றுக்குக் கீழ தண்ணி வடியிற துளை மணலால அடைபட்டிருக்கா எண்டும் பாருங்கோ.

சில்லுக்கட்டி

முன்னுக்குப் புது 35 றிம் கட்டேக்கயே பித்தளை போடலாம், அதால மாத்துறதுக்குப் பின் சில்லு மட்டும்தான். முழுக்கக் கழட்டத் தேவையில்லை. ரயரையும் றிம் ரேப்பையும் எடுத்துப்போட்டு, ஒரு நேரத்தில ஒரு கம்பி மட்டும். பழைய நிப்பிளைக் கழட்ட முதல் எத்தினை சுத்து எண்டு எண்ணுங்கோ. அதே நீளப் பித்தளையை, மரை பிடிச்சு இறுகாமல் தடுக்கிற அன்ரி-சீஸ் தொட்டு, அதே சுத்துக்கு ஏத்துங்கோ. வால்வுத் துளையில தொடங்கி வரிசையாப் போங்கோ, இடையில கம்பி தவறாது. பழசு இறுகியிருந்தா ஊடுருவுற ஒயில் ஒரு துளி விட்டு ஒரு இரவு வையுங்கோ. பலவந்தமாத் திருப்பினா கம்பி முறுகும். 24-உம் முடிஞ்ச பிறகு செயின் பக்கக் கம்பியின்ர இறுக்கத்தை அளந்து, றிம்மில எழுதியிருக்கிற எல்லைக்குள்ள கொண்டு வந்து, சில்லை நேராக்கி, புது ரேப் ஒட்டுங்கோ. ரியூப் இல்லாத ரயர் எண்டா, பழைய ரேப்பைத் திரும்ப ஒட்டினா நிப்பிள் துளையில காத்து கசியும்.