பழைய லூகர் பிஸ்டல்: கேட்கும் விலை நியாயமா?

ஹட்டன்காரன்:
அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் லூகர் பி08 என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கப் போகிறாராம், 1916 என்று அடித்திருக்கிறது. படங்களை எனக்கு அனுப்பிவிட்டு "விலை சரியா, பார்" என்கிறார். பார்க்கப் புத்தம் புதுசு போல பளபளக்கிறது. எதை வைத்து மதிப்பிடுவது?

பண்டாரவளை மாமா:
தம்பி, அந்தப் பளபளப்புதான் எனக்கு இடிக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் ஆன சாமான், விளிம்புகள் மழுங்கி, முத்திரை எழுத்துகள் கரைந்த மாதிரித் தெரிந்தால் பாலிஷ் போட்டு மறுபடி நீலம் (இரும்புக்கு ஏற்றும் கருநீலப் பூச்சு) ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், சேகரிப்பவர்களிடம் விலை அங்கேயே விழுந்துவிடும். டிரிகர், சேஃப்டி லீவர் எல்லாம் அந்தக் காலத்தில் வைக்கோல் நிறம். இதில் அவையும் கறுப்பா, பாருங்கள்.

நுவரெலியா ராஜா:
நம்பரை மறந்துவிட்டீர்களே அண்ணே! இங்கே பழைய மொரிஸ் மைனர் வாங்கும்போது என்ஜின் நம்பரும் செசி நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போமே, அதே கதைதான். பிரேமிலும் குழலிலும் முழு நம்பர், சின்னப் பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம். எல்லாம் ஒத்துப்போய், மெகசீன் (தோட்டா அடுக்கும் கூடு) நம்பரும் சேர்ந்தால் விலை தனி. அப்புறம், விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல் ஏலத்தில் உண்மையில் விற்றுப்போன விலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹட்டன்காரன்:
பெரிதாக்கிப் பார்த்தேன். குழல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் 47, டிரிகர் தகட்டில் 82. லீவரும் கறுப்புத்தான். மச்சானுக்குச் சொல்லிவிட்டேன், கோபத்தில் இருக்கிறார்.