பழைய ஒர்க்ஸ்டேஷனில் வீடியோ: திரையில் தெரிந்தால் போதுமா, மெமரிக்குள் வரவேண்டுமா?

பழையபெட்டி:
1990-களின் தொடக்கத்தில் ஒர்க்ஸ்டேஷனில், அதாவது ஆய்வகங்களில் இருந்த சக்திவாய்ந்த மேசைக் கம்ப்யூட்டரில், வீடியோ சேர்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஓவர்லே: கார்டு தன் சொந்த மெமரியில் படத்தை வைத்துக்கொண்டு, விண்டோவில் குறிப்பிட்ட ஒரு நிறம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் வீடியோவைத் திரைக்கு அனுப்பும். பிராசஸருக்கு வேலையே இல்லை. இன்னொன்று ஃபிரேம் கிராப்பர்: ஒவ்வொரு ஃபிரேமையும் மெயின் மெமரிக்குக் கொண்டுவந்து சாஃப்ட்வேரில் காட்டுவது. என் கட்சி ஓவர்லேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 640×480, நொடிக்கு 30 ஃபிரேம், பிக்சலுக்கு 2 பைட். நொடிக்கு 18 மெகாபைட்டுக்கு மேல். அன்றைய பிராசஸர் அதைத் தூக்கிச் சுமந்தால் வேறு எந்த வேலையும் நடக்காது.

சட்டகம்:
கணக்கு சரிதான், முடிவுதான் தவறு. ஓவர்லே வீடியோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? படம் இருந்த இடத்தில், நீங்கள் சொன்ன அந்தக் குறிப்பிட்ட நிறம், வெறும் நீலக் கட்டமாகத்தான் வரும். கண்ணெதிரே ஓடுகிற வீடியோ கம்ப்யூட்டருக்குள் இல்லவே இல்லை என்று அர்த்தம். சேமிக்க முடியாது, அனுப்பவும் முடியாது. 1992-இல் ஜெராக்ஸ் பார்க் (PARC) ஆய்வு மையத்தில் எழுதிய என்வி என்ற வீடியோ கூட்ட நிரலைப் பாருங்கள். சன் ஸ்பார்க்ஸ்டேஷனில் வீடியோபிக்ஸ் கார்டு படம் பிடிக்கும். என்வி, படத்தில் முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும். நொடிக்கு 128 கிலோபிட்டில், ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்ப இணையத்தின் மேல் அமைத்த எம்போன் வலையமைப்பு வழியாகக் கடல் தாண்டிக் கூட்டம் நடத்தினார்கள்.

பழையபெட்டி:
அதுவும் நொடிக்குச் சில ஃபிரேம்தானே, நண்பரே. பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். போதாக்குறைக்குப் பல இயந்திரங்களில் 8 பிட் திரை, மொத்தம் 256 நிறம். நான் படித்த காலத்தில் ஆய்வகத்தில் அப்படி ஒன்றின் முன் உட்கார்ந்திருக்கிறேன். முகம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இருக்கும். மவுஸை வீடியோ விண்டோவுக்குக் கொண்டுபோனால் நிறப்பட்டியல் மாறி மற்ற விண்டோக்கள் எல்லாம் பச்சையும் ஊதாவுமாகிவிடும். நெக்ஸ்ட் கம்ப்யூட்டருக்கான நெக்ஸ்ட்டைமென்ஷன் கார்டில் 32 பிட் நிறத்தில் ஓடும் வீடியோவைப் பார்த்தவர்கள் அதை ஏற்றுக்கொள்ளவே மாட்டார்கள்.

அலைவரிசை:
குறுக்கே ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் ஆய்வகத்தின் காபிப் பானையை மறந்துவிட்டீர்களே! 1991-இல் ஏக்கார்ன் ஆர்க்கிமிடீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபிரேம் கிராப்பர், பானையைப் பார்த்தபடி ஒரு கேமரா. 128×128, கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று படம். பானையில் காபி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது தாராளம். 1993-இல் வெப்பில் ஏறியதும் உலகமே பார்த்தது. ஓவர்லேயால் அந்தப் பானையை அடுத்த அறைக்குக்கூடக் காட்டியிருக்க முடியாது.

சட்டகம்:
அதைத்தான் சொல்கிறேன். நெக்ஸ்ட்டைமென்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவைச் சுருக்க, படங்களைச் சுருக்கும் ஜேபெக் (JPEG) முறையில் ஒரு சிப் வரும் என்றார்கள், கடைசியில் வரவில்லை. முழு வேகத்தில் பார்க்கலாம், அதே வேகத்தில் டிஸ்கில் எழுத முடியாது. ஆனால் 1993-இல் வந்த எஸ்ஜிஐ நிறுவனத்தின் இண்டி (Indy) ஒர்க்ஸ்டேஷன் கேமராவோடேயே வந்தது. அதன் வீடியோ பகுதிக்கு வினோ என்று பெயர்; 'வீடியோ உள்ளே, வெளியே இல்லை' என்பதன் சுருக்கம். ஃபிரேம் நேராக மெயின் மெமரியில் இறங்கும். அதனால்தான் அதை வைத்து யார் வேண்டுமானாலும் நிரல் எழுத முடிந்தது.

பழையபெட்டி:
சிப் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். சுருக்கம் கார்டிலேயே நடந்திருக்க வேண்டும். வீடியோபிக்ஸுக்குப் பின் வந்த சன்வீடியோ கார்டு அதைத்தான் செய்தது: ஜேபெக் முறையிலோ, வீடியோவுக்கான எம்பெக் (MPEG) முறையிலோ கார்டே சுருக்கித் தரும், மெமரிக்கு வருவது சின்னப் பொட்டலம். பிடிப்பதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. காட்டுவதில் விட்டுத்தர மாட்டேன். லினக்ஸில் டிவி ட்யூனர் போட்டுப் பார்த்தபோதுகூட, வீடியோ காட்டும் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் எக்ஸ்வீடியோ வழியாக நிற மாற்றத்தையும் பெரிதாக்குவதையும் கிராஃபிக்ஸ் கார்டுதானே செய்தது?

சட்டகம்:
ஆமாம், செய்தது. என்னிடம் இருந்த கார்டில் அப்போதும் ஸ்கிரீன்ஷாட் நீலமாகத்தான் வந்தது. ஆனால் அதே ஃபிரேமை மெமரியிலிருந்து கோப்பாக எழுத முடிந்தது. அந்த ஒன்றைத்தான் நான் முதலிலிருந்து கேட்கிறேன்.